அல்-கிந்தி

அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி (சுமார் கி.பி. 801 – சுமார் 873) ஈராக்கில் வாழ்ந்த மெய்யியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். மருத்துவம், ஒளியியல், இசை, வானியல், சோதிடம், மணப்பொருள் வடித்தல், வாள் செய்யும் எஃகு எனப் பல துறைகளிலும் நூல்கள் எழுதியவர். கிரேக்க மெய்யியலை அரபு மொழியில் முதன்முதலில் முறையாக எழுதியவர் என்பதால் அரபுகளின் மெய்யியலாளர் என்று அழைக்கப்படுகிறார். இடைக்கால ஐரோப்பாவில் அல்கிந்துஸ் என்னும் இலத்தீன் பெயரால் அறியப்பட்டார்.

ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை இட்டு எழுதப்படும் மறைக்குறியீட்டை, எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணியே உடைத்துவிடலாம் என விளக்கும் நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் மிகப் பழையது இவருடையதே. நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் தொடக்கத்தில் எழுதிப் பார்க்கும் சிறு பயிற்சிகளுள் எழுத்து மாற்று மறையீடும் ஒன்று. அந்த மறையீடு ஏன் பாதுகாப்பற்றது என்ற கேள்விக்கான விடை, கணினிக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாக்தாத்தில் எழுதப்பட்டுவிட்டது.

பிறப்பும் கல்வியும்

கிந்தி என்பது குலப்பெயர். கிந்தா என்பது இசுலாத்துக்கு முன் நடு அரேபியாவில் அரசாண்ட பழங்குடி. அரபு மொழியின் புகழ்பெற்ற பழங்காலக் கவிஞர் இம்ருல் கைஸ் இக்குலத்து இளவரசரே. அல்-கிந்தியின் தந்தை கூஃபா நகரின் ஆளுநராகப் பணியாற்றினார். கிந்தி பிறந்ததும் அந்நகரில்தான் எனக் கருதப்படுகிறது. இளமையிலேயே கல்விக்காகப் பாக்தாத் வந்து சேர்ந்தார்.

பாக்தாத் அப்போது அப்பாசியக் கலீஃபாக்களின் தலைநகரம். கலீஃபா அல்-மஃமூன் (ஆட்சி: 813–833) காலத்தில் கிரேக்கம், சிரியாக்கு, பாரசீகம், சமசுகிருதம் ஆகிய மொழிகளிலிருந்து நூல்களை அரபுக்குக் கொண்டுவரும் பணி அங்கு பெருமளவில் நடந்து வந்தது. அறிவு இல்லம் என்று பொருள்படும் பைத்துல் ஹிக்மா என்னும் நிறுவனத்தின் பெயர் இப்பணியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மஃமூனுக்குப் பின் வந்த அல்-முஃதசிம் (833–842) காலத்தில் கிந்தியின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. கலீஃபாவின் மகன் அஹ்மதுக்கு இவர் ஆசிரியராகவும் இருந்தார். தமது முதன்மையான மெய்யியல் நூலான முதல் மெய்யியல் என்பதை முஃதசிமுக்கே எழுதி அளித்தார்.

கிந்திக்குக் கிரேக்கம் தெரிந்திருக்கவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இருந்தும் கிரேக்கம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் குழுவொன்றைத் தம்மைச் சுற்றி வைத்திருந்தார். உஸ்தாத் என்பவர் அரிசுட்டாட்டிலின் மீவியற்பியலை இவருக்காகவே பெயர்த்தார். இப்னு நாயிமா என்பவர் பெயர்த்த மற்றொரு நூலை இவர் திருத்திக் கொடுத்தார். அது அரிசுட்டாட்டிலின் இறையியல் என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் உலவியது. உண்மையில் அது புளொட்டினசின் நூற்பகுதிகளின் தழுவல் என்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. கிரேக்கக் கருத்துகளுக்குரிய அரபுக் கலைச்சொற்கள் பலவும் இக்குழுவில்தான் முதலில் உருவாயின. கலைச்சொல் ஆக்கத்தின் தொல்லை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இப்பணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பிற இனத்தாரிடமிருந்து வந்தது என்பதற்காக உண்மையை ஏற்க வெட்கப்பட வேண்டியதில்லை என்பது இவரது நிலைப்பாடு. ஆயினும் கிரேக்கர் சொன்னதையெல்லாம் இவர் ஏற்றுக்கொண்டாரில்லை. உலகம் தொடக்கமற்றது என்ற அரிசுட்டாட்டிலின் கொள்கையை மறுத்து, காலத்துக்குத் தொடக்கம் உண்டு என வாதிட்டார். முடிவிலியான ஒன்று நடைமுறையில் முழுமையாக இருத்தல் இயலாது என்பதே அவ்வாதத்தின் அடிப்படை.

சுழியமும் மறைக்குறியீடும்

இந்திய எண்முறையைப் பயன்படுத்துவது குறித்து கிந்தி நான்கு பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். அல்-குவாரிசுமியின் நூலோடு சேர்ந்து, இந்திய எண்கள் மேற்கே பரவ இதுவும் துணை செய்தது. இந்த எண்முறையில் வெற்றிடத்தைக் குறிக்கும் சூனியம் என்ற சொல்லை அரபு அறிஞர்கள் வெறுமை என்று பொருள்படும் சிஃப்ர் என்ற சொல்லால் பெயர்த்தனர். அது இலத்தீனில் சிஃப்ரா ஆயிற்று. புரியாத இப்புதிய எண் குறிகளை மறைபொருளான எழுத்தோடு ஒப்பிட்ட ஐரோப்பியர், நாளடைவில் மறைக்குறியீட்டுக்கும் இச்சொல்லையே வைத்துவிட்டனர். ஆங்கிலத்தில் மறைக்குறியீட்டைக் குறிக்கும் சைஃபர் என்ற சொல்லும், நம் பள்ளிகளில் பூச்சியத்துக்கு வழங்கிய சைபர் என்ற சொல்லும் ஒன்றே. சூனியத்தைப் பற்றியும் மறைக்குறியீட்டைப் பற்றியும் எழுதியவர் ஒரே மனிதராக அமைந்தது தற்செயல்தான் என்றாலும் குறிப்பிடத்தக்கது.

எழுத்து மாற்று மறையீடு

கிந்தியின் கண்டுபிடிப்பின் அருமை விளங்க வேண்டுமெனில், அவர் உடைத்த பூட்டு எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். எழுத்துகளை இடம் மாற்றி எழுதும் பழக்கம் அவருக்கு முன்பே பல நாடுகளில் இருந்தது. உரோமைத் தளபதி யூலியசு சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதிலிருந்து மூன்றாவதாக வரும் எழுத்தை இட்டு எழுதினார். வாத்சியாயனரின் காமசூத்திரம் கூறும் 64 கலைகளுள் மிலேச்சித விகற்பம் என்னும் மறைமொழிக் கலையும் ஒன்று.

இதனைத் தமிழில் ஒரு சிறு நிரலாக எழுதிப் பார்க்கலாம். உயிரெழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அப்படியே விட்டுவிட்டு, 18 மெய்களை மட்டும் மாற்றுவதாகக் கொள்வோம். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் வரிசையை ஓர் அட்டவணையில் இட வேண்டும். அதற்கு நேராக அதே 18 எழுத்துகளை வேறொரு வரிசையில் இட வேண்டும். இந்த இரண்டாவது வரிசையே திறவுகோல். எளிமைக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கு அடுத்த எழுத்தை வைத்து, இறுதியான னகரத்துக்குக் ககரத்தை வைப்போம். நிரல் உரையை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும். எழுத்து முதல் வரிசையில் இருந்தால் அதற்கு நேரான எழுத்தை வெளியிடும். இல்லையெனில் (இடைவெளி, எண், நிறுத்தக்குறி போன்றவை) உள்ளபடியே வெளியிடும். அறிவு இல்லம் என்று கொடுத்தால் அனிழு இவ்வய் என்று வரும். மீட்கும் நிரலைத் தனியாக எழுத வேண்டியதில்லை. அட்டவணையின் இரு வரிசைகளையும் இடம் மாற்றிக் கொடுத்தால் அதே நிரல் பழைய உரையைத் தந்துவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. திறவுகோலில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒருமுறை வர வேண்டும். இரண்டு எழுத்துகளுக்கு ஒரே பதிலி அமைந்துவிட்டால், மறைப்பது நடக்கும், மீட்பது நடக்காது. ஆகவே நிரல் தொடங்கும்போதே திறவுகோலைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

மற்றொன்று, தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் விழும் பள்ளம். நிரல் மொழிகளில் உள்ள சொல் மாற்றுக் கட்டளையைப் பயன்படுத்தி, உரை முழுவதிலும் முதலில் ககரத்தை ஙகரமாக்கு, பிறகு ஙகரத்தைச் சகரமாக்கு என்று 18 முறை எழுதிவிடுவர். முதல் கட்டளையில் மாறிய எழுத்தை இரண்டாம் கட்டளை மீண்டும் மாற்றும், அதை மூன்றாவது மாற்றும். மேற்கண்ட திறவுகோலில் இப்படிச் செய்தால் எல்லா மெய்களும் சுற்றி வந்து ககரத்திலேயே முடியும். அறிவு இல்லம், அகிகு இக்கக் ஆகிவிடும். அதிலிருந்து மூல உரையை எவராலும் மீட்க முடியாது. எனவே மாற்றிய எழுத்தைப் பழைய உரைக்குள் திரும்ப எழுதாமல், புதிய உரையில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே மாற்ற விரும்புவோர் இன்னும் சற்று உழைக்க வேண்டும். ஒருங்குறியில் கொ என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ககரமும் ஒகரக் குறியும் தனித்தனி. அந்த ஒகரக் குறியும் சில கோப்புகளில் ஒற்றைக் குறியாகவும், சிலவற்றில் கொம்பும் காலும் என இரண்டாகவும் இருக்கும். முதலில் இவற்றைச் சீராக்கி, எழுத்துகளாகப் பிரித்த பின்னரே அட்டவணையை நாட வேண்டும்.

வரிசைப்படி நகர்த்தாமல் 18 எழுத்துகளை விருப்பம்போல் கலைத்து அடுக்கினால் எத்தனை திறவுகோல்கள் கிடைக்கும்? சுமார் 64 கோடி கோடி. நொடிக்கு ஒரு கோடி திறவுகோல்கள் வீதம் சோதிக்கும் கணினிக்கும் எல்லாவற்றையும் சோதிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அரபு மொழியின் 28 எழுத்துகளுக்கோ அந்த எண்ணிக்கை 30 இலக்கங்கள் கொண்டது. அதே கணினி ஏறத்தாழ 10 கோடி கோடி ஆண்டுகள் ஓட வேண்டும். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். இந்த மறையீட்டை உடைக்க இயலாதது என அக்கால அரசவைகள் நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை.

மறைக்குறியீட்டை வெளிக்கொணர்தல் பற்றிய நூல்

கிந்தி திறவுகோலைத் தேடவில்லை. எழுத்தின் உருவம் மாறினாலும் அது வரும் எண்ணிக்கை மாறுவதில்லை என்பதைக் கவனித்தார். அவர் கூறிய முறை இதுதான். மறைத்து எழுதப்பட்ட உரை எந்த மொழியில் உள்ளது எனத் தெரிந்தால், அதே மொழியில் மறைக்கப்படாத வேறோர் உரையை எடுத்துக்கொண்டு எழுத்துகளை எண்ண வேண்டும். மிகுதியாக வரும் எழுத்தை முதலாவது என்றும், அடுத்ததை இரண்டாவது என்றும் இறுதிவரை வரிசைப்படுத்த வேண்டும். பின்னர் மறைந்த உரையின் குறிகளையும் அவ்வாறே எண்ணி வரிசைப்படுத்தி, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது எனப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதோடு நில்லாமல் அவரே எண்ணியும் காட்டினார். 3,667 எழுத்துகள் கொண்ட அரபு உரையில் அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் மீம் 320 முறையும் வந்தன. நூற்றுக்குப் பதினாறு எழுத்துகள் அலிஃப். இத்தகைய எழுத்து எந்த வேடத்தில் வந்தாலும் கூட்டத்தில் தனித்துத் தெரியும். இதுவே பிற்காலத்தில் நிகழ்வெண் பகுப்பாய்வு எனப் பெயர் பெற்றது.

உரை குறுகியதாக இருந்தால் எண்ணிக்கை பயன் தராது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஒரு மாதிரி போதிய அளவு பெரியதாக இருந்தால்தான் அதிலிருந்து முடிவு காணலாம் என்பது இன்று புள்ளியியலின் அரிச்சுவடி. 9-ஆம் நூற்றாண்டில் இவ்வாறு சிந்தித்தவர்கள் அரிது. கிந்தியின் மற்ற எல்லாச் சாதனைகளையும் விட இவ்வொரு வரையறையே அவரது அறிவின் கூர்மையைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

எண்ணிக்கை ஒன்றே போதாத இடத்தில் வேறு இரு வழிகளை அவர் துணைக்கு அழைத்தார். ஒன்று, எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும், எது சேராது என்னும் மொழியின் இயல்பு. ஒலிப்பிடம் நெருங்கிய சில எழுத்துகள் அரபுச் சொல்லில் ஒன்றையடுத்து ஒன்று வருவதில்லை. அத்தகைய இணைகளை அவர் பட்டியலிட்டார். தமிழ் இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்று நாம் படிப்பது இதுபோன்றதே. க், ச், த், ப் ஆகிய நான்கும் தமிழ்ச் சொல்லுக்குள் தம்மோடு மட்டுமே சேரும் என்ற தொல்காப்பிய விதியை அறிந்தவர், மேலே நாம் எழுதிய மறையுரையில் புள்ளி பெற்று எப்போதும் இரட்டித்தே வரும் எழுத்துகளைக் கண்டு, இந்நான்கனுள் ஒன்றாக இருக்கலாம் என்று ஐயுறத் தொடங்குவார். மற்றொரு வழி, உரையில் இருக்கக்கூடிய சொல்லை ஊகிப்பது. அக்காலக் கடிதங்கள் இறைவன் பெயரைச் சொல்லும் ஒரே வாய்பாட்டில் தொடங்கின. தொடக்கம் தெரிந்தால் பல எழுத்துகள் ஒரே நேரத்தில் விளங்கிவிடும். இவ்வழியில் கிந்திக்கு முன்னோடியாக, யாப்பிலக்கணம் வகுத்த அல்-கலீல் இப்னு அஹ்மத் (718–786) கூறப்படுகிறார். அவர் மறைக்குறியீடு பற்றி எழுதிய நூல் கிடைக்கவில்லை.

மறையீட்டு வகைகளையும் கிந்தி கிளை கிளையாகப் பிரித்துக் காட்டினார். எழுத்தின் இடத்தை மாற்றுவன, எழுத்தையே மாற்றுவன, இரண்டையும் கலப்பன, பொருளற்ற குறிகளை இடையில் செருகுவன என அப்பகுப்பு விரிகிறது. பொருளற்ற குறிகளைச் செருகுவது எண்ணிக்கையைக் குழப்புவதற்கான உத்தியாகும்.

இக்கலை பாக்தாத்தில் தோன்றியதற்குக் காரணங்கள் உண்டு. பரந்த பேரரசின் வரி, நிருவாகம் பற்றிய ஆவணங்களை மறைத்து எழுத வேண்டிய தேவை எழுத்தர்களுக்கு இருந்தது. மறுபுறம், குர்ஆனின் சொற்களையும் எழுத்துகளையும் நுணுகி ஆராய்ந்தவர்களும், அகராதி தொகுத்தவர்களும், ஒலியியல் வகுத்தவர்களும் அந்நாட்டில் நிறைந்திருந்தனர். எண்ணும் பழக்கம் முன்பே இருந்தது. அதை மறைக்குறியீட்டின் மீது திருப்பியதே கிந்தியின் பங்களிப்பு.

நூலகம் பறிபோதல்

847-இல் அல்-முதவக்கில் கலீஃபாவானதும் கிந்தியின் நிலை சரிந்தது. பகுத்தறிவு வாதத்துக்கு ஆதரவளித்த முந்தைய கலீஃபாக்களின் கொள்கையை முதவக்கில் கைவிட்டார். அரசியல் மாற்றத்தைவிட அறிஞர்களுக்கிடையே இருந்த பொறாமையே கிந்திக்கு அதிகம் தீங்கிழைத்தது எனலாம்.

பனூ மூசா எனப்படும் மூசாவின் மக்கள் மூவர் கலீஃபாவிடம் செல்வாக்குப் பெற்றிருந்தனர். விந்தைப் பொறிகள் பற்றிய நூலால் புகழ்பெற்ற சிறந்த கணிதவியலாளர்களும் பொறியாளர்களும் ஆன இவர்கள், மொழிபெயர்ப்புக்குப் பெரும்பொருள் செலவிட்டவர்களும் ஆவர். ஆனால் தமக்குப் போட்டியான அறிஞர்களை அரசவையிலிருந்து அகற்றுவதிலும் வல்லவர்களாக இருந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உசைபியா தரும் செய்தி வருமாறு.

முகம்மது, அஹ்மத் ஆகிய இரு சகோதரர்களும் கலீஃபாவிடம் கிந்தியைப் பற்றிக் கோள் மூட்டினர். கலீஃபாவின் ஆணைப்படி கிந்தி அடிக்கப்பட்டார். அவரது நூல்கள் அனைத்தும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, அல்-கிந்திய்யா என்ற பெயரிட்டுத் தனியே வைக்கப்பட்டன. அச்சுப்பொறி இல்லாத அக்காலத்தில் ஓர் அறிஞரின் நூலகம் என்பது வாழ்நாள் முழுதும் படியெடுத்தும் பெயர்த்தும் சேர்த்தது. அதை இழந்தவர் எழுதுவதற்கான கருவியையே இழந்தவர் ஆவார்.

இதற்கிடையில் முதவக்கில் ஜஃபரி என்னும் கால்வாய் வெட்டும் பணியைச் சகோதரர்களிடம் ஒப்படைத்திருந்தார். அவர்கள் அதை வானியலாளர் அல்-ஃபர்கானியிடம் கொடுத்தனர். அவர் மட்டம் பார்ப்பதில் பிழை செய்தார். கால்வாயின் வாய்ப்பகுதி மற்ற பகுதிகளைவிட ஆழமாக வெட்டப்பட்டுவிட்டது. ஆற்றில் வெள்ளம் உயர்ந்தாலன்றித் தண்ணீர் உள்ளே ஓடாது. செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. சனத் இப்னு அலி என்ற பொறியாளரை அழைத்து ஆராயுமாறும், பிழை உண்மையெனில் சகோதரர்கள் இருவரையும் அக்கால்வாய்க் கரையிலேயே கழுமரத்தில் ஏற்றுமாறும் ஆணை பிறந்தது. இந்தச் சனதும் முன்பு சகோதரர்களால் அரசவையிலிருந்து விலக்கப்பட்டவரே.

உயிரைக் காக்குமாறு அவர்கள் சனதிடம் மன்றாடினர். சனதுக்கும் கிந்திக்கும் நல்லுறவு இருக்கவில்லை. ஆயினும், கிந்திக்குச் செய்தது அநீதி, அவரது நூல்களைத் திருப்பித் தரும்வரை உங்களுக்காக ஒரு சொல்லும் பேச மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நூல்கள் ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்ந்தன என்று கிந்தி தம் கையால் எழுதிய சீட்டு வந்து சேர்ந்த பிறகே சனத் தம் திட்டத்தைக் கூறினார். தைகிரிசு ஆற்றில் வெள்ளம் வரும் காலம் அது. நான்கு மாதங்களுக்குக் கால்வாயில் நீர் நிற்கும், பிழை வெளியே தெரியாது. அதுவரை கலீஃபா உயிரோடிருக்க மாட்டார் எனச் சோதிடர்கள் கணித்திருந்தனர். கால்வாயில் பிழை ஏதுமில்லை என்று சனத் கலீஃபாவிடம் அறிவித்தார். கணிப்புப் பொய்த்திருந்தால் அவரும் கழுவேறியிருப்பார். 861 டிசம்பரில் முதவக்கில் தம் காவலர்களாலேயே கொல்லப்பட்டார்.

இக்கதையில் சோதிடர் பகுதி பின்னர் மெருகேற்றப்பட்டதாக இருக்கலாம். எனினும் கிந்தியின் நூல்கள் பறிக்கப்பட்டு மீண்டன என்பதை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கின்றனர்.

பிற ஆக்கங்கள்

10-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நூல் வணிகர் இப்னு அந்-நதீம் தொகுத்த ஃபிஹ்ரிஸ்து என்னும் நூற்பட்டியல், கிந்தியின் பெயரில் சுமார் 260 தலைப்புகளைத் தருகிறது. பல சிறிய மடல்கள். பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

மருந்துக் கலவைகளின் வலிமையைக் கணக்கிட இவர் பெருக்குத் தொடரைப் பயன்படுத்தினார். ஒரு மருந்தின் வெப்பம் ஒரு படி உயர, அதன் வீரியம் இருமடங்காக வேண்டும் என்பது இவரது கொள்கை. மருத்துவத்தில் கணிதத்தைப் புகுத்திய தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று. ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ரோசர் பேக்கன் வரை செல்வாக்குச் செலுத்தியது. மட்ட உலோகங்களைப் பொன்னாக்கலாம் என்ற இரசவாதிகளின் கூற்றை மறுத்து எழுதினார். சோதிடத்தை மட்டும் அவர் நம்பினார். அக்கால அறிஞர் பெரும்பாலோரின் நிலையும் அதுவே.

வாள்களின் வகைகள் பற்றி முஃதசிமுக்காக எழுதிய நூல் இலங்கை வாசகர்களுக்குத் தனி ஆர்வம் ஊட்டக்கூடியது. வாள்கள் செய்யப்படும் இரும்பையும் ஊரையும் கொண்டு அவற்றைப் பகுத்த கிந்தி, சரந்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகையும் குறிப்பிடுகிறார். சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையால் இயங்கிய பழங்கால இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கில் யூலெஃப் கண்டறிந்து 1996-இல் வெளியிட்ட பின்னர், அக்குறிப்புக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டது. அவ்வுலைகள் கிந்தியின் காலத்திலும் எரிந்தவை.

இந்தியச் சமயங்களைப் பற்றிய ஏடு ஒன்றைக் கிந்தியின் கையெழுத்தில் கண்டதாகவும், அது கி.பி. 863-க்குரிய தேதியைத் தாங்கியிருந்ததாகவும் இப்னு அந்-நதீம் எழுதியுள்ளார். முதவக்கிலின் மறைவுக்குப் பிறகும் கிந்தி எழுத்துப் பணியில் இருந்தார் என்பதற்கு இது சான்று.

இயல்பும் இறுதிக் காலமும்

அல்-ஜாஹிஸ் எழுதிய கஞ்சர்கள் நூலில் கிந்தி என்றொரு வீட்டுக்காரர் வருகிறார். குடியிருப்பவர் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் தண்ணீரும் கழிவும் கூடும் எனக் கணக்கிட்டு வாடகையை உயர்த்துபவர் அவர். அந்தக் கிந்தி இந்த மெய்யியலாளர்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கணக்குப் போடும் விதத்தைப் பார்த்தால் இவராக இருக்கலாம் என்று தோன்றாமலும் இல்லை.

மற்றொரு செய்தி அவரை வேறு விதமாகக் காட்டுகிறது. அபூ மஃசர் என்ற நபிமொழி அறிஞர், மெய்யியல் கற்பதற்காகக் கிந்தியை வெறுத்து, மக்களை அவருக்கு எதிராகத் தூண்டி வந்தார். கிந்தி சண்டையிடவில்லை. எண்கணிதத்திலும் வடிவவியலிலும் அபூ மஃசருக்கு ஆர்வம் உண்டாகுமாறு ஒருவர் மூலம் ஏற்பாடு செய்தார். அதன் வழியே சோதிடத்துக்குள் நுழைந்த அபூ மஃசர், 47 வயதுக்குப் பின் அத்துறையைக் கற்று, ஐரோப்பா வரை புகழ்பெற்ற சோதிட ஆசிரியரானார்.

துயரங்களைப் போக்கும் வழி பற்றிக் கிந்தி எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது. உலகப் பொருள்கள் இரவல் வாங்கியவை, உரியவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது அதன் சாரம். நூலகத்தை இழந்தவர் எழுதியது என்ற நினைவோடு அதைப் படிப்போர் உண்டு. ஆனால் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதற்குக் குறிப்பு இல்லாததால் அவ்வாறு முடிவு கட்ட இயலாது. முழங்கால் நோயால் துன்புற்ற கிந்தி, சுமார் 873-இல் பாக்தாத்தில் காலமானார்.

நூலின் மறைவும் மீட்பும்

மறைக்குறியீடு பற்றிய கிந்தியின் கருத்துகள் அரபு உலகில் தொடர்ந்து வளர்ந்தன. எகிப்தின் அல்-கல்கசந்தி 1412-இல் முடித்த பெருந்தொகுப்பு நூலில் இக்கலைக்கு ஒரு பகுதியை ஒதுக்கினார். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் லியோன் பத்தீசுத்தா அல்பெர்த்தி, ஒரே உரைக்குள் திறவுகோலை மாற்றிக்கொண்டே போகும் சுழல்வட்டை வகுத்து, எழுத்து எண்ணும் முறைக்குத் தடை போட்டார். ஆனால் எழுத்து எண்ணும் முறையை முதலில் எழுதியவர் யார் என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1967-இல் டேவிட் கான் எழுதிய மறைக்குறியீட்டு வரலாறுகூட அல்-கல்கசந்தியைக் கொண்டே அரபுகளின் பங்கை விவரித்தது.

கிந்தியின் மூலநூல் இசுதான்புல் நகரின் சுலைமானியா நூலகத்துச் சுவடிகளுக்கிடையே இருந்தது. முகம்மது மராயாத்தி, யஹ்யா மீர் ஆலம், முகம்மது ஹசான் அத்-தையான் ஆகிய மூவர் அதைப் பதிப்பித்து, 1987-இல் தமசுக்கு நகர அரபு மொழிக் கழகத்தின் வழியாக வெளியிட்டனர். எழுத்து எண்ணிக்கை அட்டவணையும், மறையீட்டு வகைகளின் கிளைப்படமும் அதன் பிறகே உலகின் பார்வைக்கு வந்தன. பின்னர் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று.